தொழில் தேக்கத்தை மாதந்தோறும் அறிவது எப்படி?

ஒரு நாட்டின் தொழில் உற்பத்தி தளர்ச்சியுறும்போது அது ஒரே நாளில் அறிவிக்கப்படுவதில்லை. ஆலைகளில் ஒரு ஷிப்டு குறைக்கப்படுகிறது. தற்காலிகத் தொழிலாளர்கள் வேண்டாமென்று அனுப்பப்படுகின்றனர். விற்பனையாளர்களின் கிடங்குகளில் சரக்கு தேங்குகிறது. இவை யாவும் நிகழ்ந்து முடிந்த பின்னரே மொத்த உள்நாட்டு உற்பத்தி பற்றிய காலாண்டுப் புள்ளிவிவரம் வெளிவருகிறது. அதுவரை காத்திருக்க இயலாத அரசும், ரிசர்வ் வங்கியும், வாணிப நிறுவனங்களும் மாதந்தோறும் வெளியாகும் குறியீடுகளையே நம்பவேண்டியுள்ளது. அவற்றை எவ்வாறு படிப்பது என்பதற்கு 2019-ஆம் ஆண்டின் தொழில் தேக்கம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

தொழில் உற்பத்திக் குறியீட்டெண்

இக்குறியீடுகளுள் மூத்தது தொழில் உற்பத்திக் குறியீட்டெண். 1937-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு தொடங்கிய இது, பின்னர் பலமுறை திருத்தியமைக்கப்பட்டது. 2011-12-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசை 2017 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அதில் ஆலை உற்பத்திக்கு 77.63, சுரங்கத் தொழிலுக்கு 14.37, மின்சாரத்திற்கு 7.99 என்று நிறைகள் வழங்கப்பட்டன. எனவே, மூன்றில் எது சரிந்தாலும் குறியீட்டெண் சரியும் என்றாலும், அதன் போக்கை நிர்ணயிப்பது பெரும்பாலும் ஆலை உற்பத்தியே.

அதே குறியீட்டெண் பயன்பாட்டின் அடிப்படையிலும் பகுக்கப்படுகிறது. தேக்கத்தின் தன்மையை அறிய விரும்புவோர் இப்பகுப்பையே முதலில் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. மூலதனப் பொருள்கள் குறைந்தால் முதலீட்டாளர்கள் தயங்குகின்றனர் என்று கொள்ளலாம். நீடித்து உழைக்கும் நுகர்பொருள்கள் குறைந்தால் குடும்பங்கள் பெரிய செலவுகளைத் தள்ளிப் போடுகின்றன என்று கொள்ளலாம். உப்பும் சோப்பும் போன்ற அன்றாடப் பொருள்களும் குறையத் தொடங்கினால் நிலைமை மேலும் கவலைக்குரியதாகும்.

2019 செப்டம்பர் மாதத்திற்கான முதல் மதிப்பீடு இவ்விரண்டு பகுப்புகளின் பயனையும் தெளிவாகக் காட்டியது. ஓராண்டுக்கு முந்திய அதே மாதத்துடன் ஒப்பிடும்போது மொத்தக் குறியீட்டெண் 4.3 சதவீதம் குறைந்திருந்தது. ஆலை உற்பத்தி 3.9 சதவீதம் குறைந்தது. 23 தொழில் பிரிவுகளுள் 17 பிரிவுகள் சரிவைக் கண்டன. மூலதனப் பொருள்களின் சரிவு 20.7 சதவீதம், நீடித்து உழைக்கும் நுகர்பொருள்களின் சரிவு 9.9 சதவீதம். ஆயினும், அதே மாதத்தில் இடைநிலைப் பொருள்களின் உற்பத்தி 7 சதவீதம் உயர்ந்திருந்தது என்பதையும் மறைக்கலாகாது. ஒரு தேக்கம் எல்லாப் பிரிவுகளையும் ஒரே சமயத்தில் பற்றுவதில்லை.

முன்னோடிக் குறிப்புகள்

செப்டம்பர் மாதத்திற்கான இந்த மதிப்பீடு வெளியானது நவம்பர் இரண்டாம் வாரத்தில். அன்றைய நடைமுறையில் ஆறு வாரத் தாமதம் இயல்பானது. (2025 ஏப்ரல் முதல் அடுத்த மாதத்தின் 28-ஆம் நாளிலேயே வெளியிடும் முறை கொண்டுவரப்பட்டது.) ஆனால் விழிப்புடன் இருந்தவர்களுக்கு அதற்குள் செய்தி எட்டியிருந்தது. பயணிகள் வாகன விற்பனை 2018 நவம்பரிலிருந்து பதினொரு மாதங்கள் தொடர்ந்து குறைந்து வந்தது. 2019 ஆகஸ்டில் மட்டும் அச்சரிவு 31 சதவீதத்தைக் கடந்தது. 2018 செப்டம்பரில் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். நிறுவனம் கடன் தவணை தவறியதையடுத்து வங்கி சாரா நிதி நிறுவனங்களுக்குப் பணம் கிடைப்பது அரிதாயிற்று. வாகனம் வாங்குவோரில் பெரும் பகுதியினர் இந்நிறுவனங்களின் கடனையே நம்பியிருந்தனர். 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து பாரத் நிலை ஆறு புகை விதி அமலாகவிருந்ததால், பழைய வகை வண்டிகளைக் குவித்து வைக்கவும் ஆலைகள் விரும்பவில்லை.

மோட்டார் வாகனப் பிரிவின் நிறை தொழில் குறியீட்டெண்ணில் 5-க்கும் சற்றுக் குறைவே. ஆனால் செப்டம்பரில் அது 24.8 சதவீதம் வீழ்ந்தபோது, மொத்தச் சரிவில் ஏறத்தாழ ஒரு சதவீதப் புள்ளி அதிலிருந்தே வந்தது. ஜாம்ஷெட்பூரை அடுத்த ஆதித்யபூரில் பெரிய வாகன ஆலையின் கொள்முதலை நம்பியிருக்கும் உதிரிப்பாகப் பட்டறைகளின் நிலை இக்கணக்கில் நேரடியாகத் தெரிவதில்லை. குறியீட்டெண்ணுக்கு விவரம் தருபவை பதிவு பெற்ற தொழிற்சாலைகள். பதிவுக்கு வெளியே உள்ள சிறு பட்டறைகள் அதில் இடம்பெறுவதில்லை. ஆகவே, குறியீட்டெண் காட்டும் தேக்கத்தைவிட வேலைவாய்ப்பில் ஏற்படும் இழப்பு பெரிதாக இருக்கக்கூடும்.

நிலக்கரி, கச்சா எண்ணெய், உருக்கு, சிமென்டு, மின்சாரம் உள்ளிட்ட எட்டு ஆதாரத் தொழில்களின் குறியீட்டெண் இன்னும் சற்று முன்னதாகவே கிடைத்துவிடுகிறது. 2011-12 வரிசையில் தொழில் குறியீட்டெண்ணின் 40.27 சதவீத நிறையை இவை வகித்தன. 2019 செப்டம்பரில் இவை 5.2 சதவீதம் குறைந்தன. நிலக்கரி மட்டும் 20.5 சதவீதம் குறைந்தது. இதை முழுவதும் தேக்கத்தின் கணக்கில் எழுதுவது தவறு. அவ்வாண்டு பருவமழை நீடித்துப் பெய்ததால் சுரங்கங்களில் வேலை தடைப்பட்டது. சரக்கு, சேவை வரி வசூலோ செப்டம்பரில் 91,916 கோடி ரூபாயாகச் சுருங்கியது. அது பத்தொன்பது மாதங்களில் காணாத குறைவு.

வேறுபடும் சாட்சியம்

இவ்வளவுக்கும் இடையில் கொள்முதல் மேலாளர் குறியீட்டெண் மாறுபட்ட கதையைக் கூறியது. இது 50-க்கு மேல் இருந்தால் வளர்ச்சி, கீழே இருந்தால் சரிவு. 2019 ஆகஸ்டில் இது 51.4, அக்டோபரில் 50.6. ஒரு மாதத்தில்கூட அது 50-க்குக் கீழே இறங்கவில்லை! காரணம் அதன் அமைப்பிலேயே உள்ளது. சென்ற மாதத்தைவிட நிலைமை மேலா, கீழா என்று மட்டுமே மேலாளர்களிடம் கேட்கப்படுகிறது. எவ்வளவு என்று கேட்கப்படுவதில்லை. சில பெரிய ஆலைகள் கடுமையாக வீழ்ந்து, பல நிறுவனங்கள் சிறிதளவு உயர்ந்தால் இக்குறியீடு வளர்ச்சியையே காட்டும். மேலும், இது முந்திய மாதத்துடன் ஒப்பிடுவது. தொழில் குறியீட்டெண்ணின் வளர்ச்சி வீதமோ முந்திய ஆண்டுடன் ஒப்பிடுவது. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது பொருந்தாது. கருத்தரங்குகளில் தமக்கு உகந்த ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டி வாதிடுவோர் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

பண்டிகைகளும் கணக்கைக் குழப்பக்கூடியவை. 2018-இல் தீபாவளி நவம்பர் முதல் வாரத்தில் வந்தது. 2019-இல் அக்டோபர் 27-இல் வந்துவிட்டது. எனவே 2019 அக்டோபரில் வேலை நாட்கள் குறைந்தன. அம்மாதச் சரிவு முதல் மதிப்பீட்டில் 3.8 சதவீதம். நவம்பரில் 1.8 சதவீத வளர்ச்சி தோன்றியபோது தேக்கம் நீங்கிவிட்டதென்று சிலர் மகிழ்ந்தனர். டிசம்பரில் மீண்டும் சிறு சரிவு காணப்பட்டது. மூன்று மாதங்களின் சராசரியைப் பார்த்திருந்தால் இந்த ஏமாற்றம் நேர்ந்திராது.

ஒப்பீட்டுக்குரிய மாதம் எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். ஊரடங்கு நிலவிய 2020 ஏப்ரலில் குறியீட்டெண் 54-ஆக வீழ்ந்தது. 2021 ஏப்ரலில் அது 126.6-ஐ எட்டியது. கணக்கின்படி இது 134 சதவீத வளர்ச்சி. ஆனால் 2019 ஏப்ரலிலும் குறியீட்டெண் சுமார் 126-ஆகவே இருந்தது. ஈராண்டுகளில் நாடு புறப்பட்ட இடத்திற்குத் திரும்பியிருந்தது, அவ்வளவே.

முதல் மதிப்பீடு இறுதியானதன்று. பல ஆலைகளின் விவரம் தாமதமாக வருவதால் பின்னர் திருத்தங்கள் செய்யப்படுகின்றன. 2012 ஜனவரியில் வளர்ச்சி 6.8 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. சர்க்கரை உற்பத்தி 58 லட்சம் டன் என்பதற்குப் பதிலாக 134 லட்சம் டன் என்று கணக்கில் சேர்ந்துவிட்டது பின்னரே தெரிந்தது. திருத்திய வளர்ச்சி 1.1 சதவீதமே. ஒரே பண்டத்தின் பிழை நாட்டின் தொழில் நிலையைப் பற்றிய கருத்தையே மாற்றிவிட்டது.

கொள்கை வகுப்போரின் இக்கட்டு

இத்தகைய ஐயங்களுக்கிடையேதான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே ரெப்போ வட்டியைக் குறைக்கத் தொடங்கி, அக்டோபருக்குள் 6.50-லிருந்து 5.15 சதவீதமாக்கியது. செப்டம்பர் 20-இல் கம்பெனி வரியின் அடிப்படை வீதம் 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. புதிய உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15 சதவீதம் என்று விதிக்கப்பட்டது. வரிச் சலுகை முதலீட்டைத் தூண்டுவதற்கானது. ஆனால் குறியீடுகளோ நுகர்வோர் வாங்கத் தயங்குவதையும், கடன் கிடைக்காமையையும் சுட்டின. கையில் உள்ள ஆலையே முழுத் திறனில் ஓடாதபோது, வரி குறைந்தது என்பதற்காகப் புதிய ஆலை கட்ட எவரும் விரைவதில்லை.

ஜூலை-செப்டம்பர் காலாண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி வளர்ச்சி 4.5 சதவீதமே என்ற விவரம் நவம்பர் இறுதியில்தான் வெளிவந்தது. வாகன விற்பனை சரியத் தொடங்கி அதற்குள் ஓராண்டு கடந்துவிட்டிருந்தது. 2019-20 முழு ஆண்டிற்கான தொழில் குறியீட்டெண் 0.8 சதவீதச் சரிவுடன் முடிந்தது. அவ்வாண்டின் கடைசி ஒரு வாரம் மட்டுமே ஊரடங்கிற்கு உட்பட்டது.