உதயசூரியன் கடற்கரை, வல்வெட்டித்துறை

கப்பல் கட்டிய கரை
வல்வை எனப்படும் வல்வெட்டித்துறையின் பாய்க்கப்பல்கள் ஒருகாலம் தமிழகத்துக்கும் பர்மாவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்றன. இங்கே 1930இல் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’யை அமெரிக்கர் ஒருவர் வாங்கிப் பெயர் மாற்றினார். ஈழத்து மாலுமிகளோடு அது 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

பட்டம் ஏறும் நாள்
ஆண்டுதோறும் தைப்பொங்கலன்று இங்கு பட்டப்போட்டி நடக்கிறது. கடலிலிருந்து வரும் வாடைக்காற்றில் கொக்கு, பிராந்து, எட்டுமூலை எனப் பழைய வகைகள் ஏறும். கூடவே இளைஞர்கள் ஆண்டுக்கொன்றாய்க் கற்பனை செய்யும் முப்பரிமாணப் பட்டங்களும் ஏறும். சிலவற்றில் ‘விண்’ பூட்டியிருக்கும்: வில்லாக வளைத்த கம்பில் இழுத்துக் கட்டிய நாடா காற்றில் அதிர்ந்து கூவும்.

நடத்துவது யார்?
வல்வை விக்னேஸ்வரா சனசமூக நிலையம். யாழ்ப்பாணத்தில் சனசமூக நிலையம் என்றால் வாசிகசாலை, விளையாட்டு, விழா, ஊர்க்கூட்டம் எல்லாம் சேர்ந்த இடம். சித்திரைப் பௌர்ணமியில் முத்துமாரி அம்மன் தீர்த்தத்தோடு வரும் இந்திரவிழாவையும் ஊரவர்களே தெருத்தெருவாகச் சோடித்து நடத்துகிறார்கள்.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் மீன்பிடித் தடையும் இடப்பெயர்வும் இக்கரையை முடக்கின. இன்று பட்டப்போட்டிக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சுற்றுலா வளர வளர, இந்தப் பட்டவிழா எப்படி மாறவேண்டும், எது மாறக்கூடாது என்ற கேள்வியும் வளர்கிறது. அதற்கு முதலில் பதில் சொல்லவேண்டியவர்கள் பட்டம் கட்டுபவர்களும் இக்கரையில் தொழில் செய்பவர்களும்தான்.