அலுவல்முறைப் பதவிப் பெயர்கள்

பதவிப் பெயர் என்பது அரசிலோ, நிறுவனத்திலோ, தொழிலிலோ ஒருவர் வகிக்கும் பொறுப்பைக் குறிக்கும் பெயர் ஆகும். அவருடைய அதிகாரத்தின் எல்லையையும், அவர் எத்துறைக்குக் கட்டுப்பட்டவர் என்பதையும் இது உணர்த்துகிறது. பதவிப் பெயர் பதவிக்கு உரியது. அதனை வகிக்கும் ஆளுக்கு உரியதன்று. இக்கட்டுரை தமிழ்நாட்டு வழக்கை முதன்மையாகக் கொண்டு விளக்குகிறது.

பதவி, பட்டம், விருது

இம்மூன்றும் வெவ்வேறானவை. வட்டாட்சியர் என்பது பதவி. பணி ஓய்வுடன் நீங்கிவிடும். முனைவர் என்பது கல்விப் பட்டத்தால் வருவது. ஓய்வுக்குப் பின்னரும் நிலைப்பது. பத்மஸ்ரீ என்பது விருது. ஆங்கிலேயர் ஆட்சியில் ராவ் பகதூர், திவான் பகதூர் போன்ற பட்டங்கள் வழங்கப்பட்டன. இந்திய அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்பு, படைத்துறை மற்றும் கல்விச் சிறப்புகள் தவிர்ந்த பட்டங்களை அரசு வழங்குவதைத் தடை செய்கிறது. பத்ம விருதுகளைப் பெயருக்கு முன்னோ பின்னோ இடலாகாது என உச்ச நீதிமன்றம் 1995 இல் தீர்ப்பளித்தது.

வருவாய்த் துறை

தாசில்தார் என்பது வரி திரட்டுதலைக் குறிக்கும் அரபுச் சொல்லும் 'உடையவர்' எனப் பொருள்படும் பாரசீக விகுதியும் சேர்ந்தது. இன்று வட்டாட்சியர் என எழுதப்படுகிறது. கலெக்டர் என்பதும் வரி திரட்டுபவர் என்றே பொருள்படும். தமிழில் மாவட்ட ஆட்சியர் ஆயிற்று.

திருவள்ளூர் மாவட்டம், பூந்தமல்லி வட்டத்தைச் சேர்ந்த காட்டுப்பாக்கத்தில் ஒருவர் மனை வாங்குவதாகக் கொள்வோம். கிரையப் பத்திரத்தைப் பதிவு செய்பவர் சார்பதிவாளர். இவர் பதிவுத் துறையினர். பட்டா மாறுதல் வருவாய்த் துறையின் பணி. அங்கு கிராம நிர்வாக அலுவலர் கிராமக் கணக்குகளைப் பேணுகிறார். வட்டாட்சியர் அவருக்கு மேல்நிலை அலுவலர். பத்திரம் பதிவானதாலேயே பட்டா தம் பெயரில் உள்ளது எனக் கருதுவோர் பின்னர் இடர்ப்படுவதுண்டு.

ஒரே பெயர், வேறு அதிகாரம்

ஆவடி 2019 இல் மாநகராட்சி ஆனது; 2022 இல் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகம் தொடங்கப்பட்டது. எனவே 'ஆவடி ஆணையர்' என்று மட்டும் எழுதினால் இருவரில் எவர் என்பது விளங்காது. குப்பை அகற்றல் மாநகராட்சி ஆணையரைச் சார்ந்தது. திருட்டுப் புகார் காவல் துறையைச் சார்ந்தது. இவ்வாறே பதிவாளர் எனும் பெயர் பல்கலைக்கழகம், உயர் நீதிமன்றம், கூட்டுறவுத் துறை ஆகியவற்றில் வெவ்வேறு பதவிகளைக் குறிக்கிறது.

தொழில்முறைப் பெயர்கள்

டாக்டர் என்பது கற்பித்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. மருத்துவர், முனைவர் ஆகிய இருவருக்கும் வழங்குவதால் தமிழில் தனித்தனிச் சொற்கள் பயன்படுகின்றன. சட்டம் படித்தவர் அனைவரும் வழக்கறிஞர் அல்லர். 1961 ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்திருத்தல் வேண்டும்.

பெயர் மாற்றங்கள்

நெடுங்காலம் குடும்ப வழியில் வந்த கர்ணம், கிராம முன்சீப் உள்ளிட்ட பகுதிநேரப் பதவிகள் 1980 நவம்பர் 14 அன்று அவசரச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. அவற்றுக்கு மாற்றாக வந்த கிராம நிர்வாக அலுவலர் தேர்வாணையத் தேர்வின் மூலம் நியமிக்கப்படுகிறார். இங்குப் பெயருடன் நியமன முறையும் மாறியது. துப்புரவுப் பணியாளர் 2020 இல் தூய்மைப் பணியாளர் ஆனபோது மாறியது பெயரே. ஊதியமும் பணி நிலைப்பும் தனிக் கோரிக்கைகளாகத் தொடர்ந்தன.

தவறான பயன்பாடு

அரசு ஊழியரின் பதவியை வகிப்பதாக நடித்து அப்பதவியின் பெயரால் செயல்படுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 204 ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஆகவே ஒருவர் கூறும் பதவிப் பெயரைத் துறை, அலுவலகம், ஆணை ஆகியவற்றுடன் ஒப்பிட்டு அறிதல் வேண்டும்.