வாக்குப் பெறாத நிர்வாகி

அமெரிக்காவின் பல நகரங்களில் அன்றாட நிர்வாகம் மேயரின் கையில் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றம் சம்பளத்துக்கு அமர்த்தும் ‘நகர மேலாளர்’ என்னும் தொழில்முறை நிர்வாகியே வரவுசெலவுத் திட்டத்தைத் தயாரிக்கிறார். துறைத் தலைவர்களை நியமிக்கிறார். ‘மன்ற–மேலாளர் முறை’ எனப்படும் இந்த ஏற்பாட்டில் கொள்கையை வகுப்பது மன்றம், நிறைவேற்றுவது மேலாளர். அவரது பணி திருப்தியளிக்காவிட்டால் மன்றமே அவரைப் பதவியிலிருந்து விலக்கலாம். தமிழ்நாட்டின் மாநகராட்சி ஆணையரை இவருக்கு இணையாகக் கருத முடியாது. ஆணையரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு.

1908இல் வர்ஜீனியாவின் ஸ்டான்டன் நகரம், இரண்டு அவைகளும் ஏராளமான குழுக்களும் கொண்ட தன் மன்றத்தால் சாலைப் பணிகளைக்கூட ஒழுங்காக நடத்த இயலாத நிலையில், சார்லஸ் ஆஷ்பர்னர் என்ற பொறியாளரைப் பொது மேலாளராக அமர்த்தியது. அந்த முயற்சியை ஒரு முழுமையான ஆட்சித் திட்டமாக வடித்து நாடெங்கும் பரப்பியவர், விளம்பரத் தொழிலில் இருந்த ரிச்சர்ட் சைல்ட்ஸ்.

திட்டத்துக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது ஒஹாயோவின் டேட்டன் நகரம். 1913 மார்ச்சில் பெருவெள்ளம் நகரை மூழ்கடித்து, அது அமைந்துள்ள ஆற்றுப் பள்ளத்தாக்கில் 300க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, மீட்புப் பணிக்குத் தலைமையேற்றவர் ‘நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர்’ நிறுவன அதிபர் ஜான் பேட்டர்சன். அவரது தொழிற்சாலை உடனடியாகப் படகுகளைச் செய்து தள்ளியது. போட்டியாளர்களை முறைகேடாக நசுக்கியதாக முந்தைய மாதம்தான் அவருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டிருந்தது என்பதும், அது பின்னர் மேல்முறையீட்டில் ரத்தானது என்பதும் வரலாற்றின் வேடிக்கை. நகராட்சியும் ஒரு நிறுவனத்தைப் போல நடத்தப்பட வேண்டும் என்ற அவரது கருத்து, வெள்ளத்துக்குப் பின் வாக்காளர்களிடம் எடுபட்டது. பனாமா கால்வாயைக் கட்டிய கோத்தல்ஸ் மேலாளர் பதவியை ஏற்க மறுத்ததால், ஹென்றி வெய்ட் என்ற பொறியாளர் 1914 ஜனவரியில் பொறுப்பேற்றார்.

ஆனால் இந்தச் சீர்திருத்தத்துக்கு ஒரு விலையும் இருந்தது. புதிய முறையோடு வட்டார வாரியான தேர்தல் ஒழிந்து, நகரம் முழுவதும் ஒரே தொகுதியானதால், 1911இல் சுமார் 25 சதவீத வாக்குகளோடு மன்றத்தில் இடம்பிடித்த டேட்டன் சோசலிஸ்டுகள், 1917இல் ஏறத்தாழ 44 சதவீத வாக்குகள் பெற்றும் ஓர் இடத்தைக்கூடப் பெறவில்லை. திறமையின் பெயரால் தொழிலாளர் குடியிருப்புகளின் குரல் வெளியேற்றப்பட்டது என்ற விமர்சனத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

மேலாளர்களின் தொழில்முறைச் சங்கமான சர்வதேச நகர மேலாளர் அமைப்பு 1924இல் நன்னடத்தை நெறிகளை வகுத்து, தேர்தல் அரசியலிலிருந்து விலகியிருக்கும்படி உறுப்பினர்களைப் பணித்தது. நெறிகள் மட்டும் போதா என்பதற்குக் கலிஃபோர்னியாவின் பெல் என்னும் சிறு நகரமே சான்று. 2005இல் 400க்கும் குறைவானோர் வாக்களித்த சிறப்புத் தேர்தல் ஒன்றின் மூலம், மன்ற உறுப்பினர்களின் ஊதியத்துக்கு மாநிலச் சட்டம் விதித்திருந்த வரம்பிலிருந்து அந்நகரம் விடுபட்டது. 2010இல் உண்மை அம்பலமானபோது, மேலாளரின் ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 8 லட்சம் டாலராக இருந்தது. அவரைக் கண்காணிக்க வேண்டிய உறுப்பினர்களில் பெரும்பாலானோர் பகுதிநேரப் பணிக்கே ஏறத்தாழ 1 லட்சம் டாலர் பெற்றுக்கொண்டிருந்ததால், கேள்வி கேட்கும் தகுதியை அவர்கள் இழந்திருந்தனர். மேலாளரை வாக்காளர்கள் நேரடியாக நீக்க முடியாது. 2011 மார்ச்சில் அவர்கள் மன்ற உறுப்பினர்களைத் திரும்ப அழைத்தனர், மேலாளருக்கு 2014இல் நீதிமன்றம் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.