மல்லர் பட்டத்தின் வரலாறு

பட்டம் என்னும் சொல் பண்டு நெற்றியில் கட்டும் பொன் தகட்டைக் குறித்தது. அரசன் ஒருவனுடைய நெற்றியில் அதனைக் கட்டினால், அவன் அச்சிறப்புக்கு உரியவன் என ஊர் ஏற்றுக்கொண்டது. நாளடைவில் தகடு மறைந்து, அது உணர்த்திய சிறப்புப் பெயரே பட்டம் எனப்படலாயிற்று. மேனாட்டு மற்போரில் வென்றவனுக்கு இடையில் அணியும் கச்சை அளிக்கப்படுகிறது. வட இந்தியாவில் கதாயுதம் அளிப்பதும் உண்டு. நெற்றியாயினும் இடையாயினும் தோளாயினும் எழும் வினா ஒன்றே. பட்டத்தைக் கட்டுபவர் யார்? அவ்வுரிமை அவருக்கு எவ்வாறு வந்தது? பெருவீரர் பட்டத்தின் வரலாறு இவ்வினாவுக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளின் வரலாறே ஆகும்.

மற்போர் தமிழர்க்குப் புதிதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, முக்காவனாட்டு ஆமூர் மல்லனைப் பொருது வீழ்த்திய செய்தியைப் புறநானூற்றில் சாத்தந்தையார் பாடல்களால் அறிகிறோம். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனின் மாமல்லன் என்னும் பெயரை மாமல்லபுரம் இன்றும் தாங்கி நிற்கிறது. எனினும், இன்று தமிழர் நாவில் வழங்கும் குஸ்தி, பயில்வான் ஆகிய சொற்கள் பாரசீகத்திலிருந்து வந்தவை. இந்நாட்டு மல்யுத்தமும் பாரசீக மற்போரும் முகலாயர் காலத்தில் கலந்தன. அக்கலப்பிற் பிறந்ததே குஸ்தி. சொற்களும் அதனோடு வந்தன.

அவ்வழியே வந்ததுதான் ‘ருஸ்தம்-எ-ஹிந்த்’ என்னும் பட்டமும். ருஸ்தம் என்பவன் பிர்தௌசி இயற்றிய ஷாநாமா என்னும் பாரசீகப் பெருங்காப்பியத்தின் வீரன். ‘இந்தியாவின் ருஸ்தம்’ என்பதே இப்பட்டத்தின் பொருள். சிற்றரசர்கள் மல்லர்களைப் பேணி வளர்த்தனர், பந்தயம் நடத்தினர், பரிசளித்தனர். அரசர் பொருள் அளித்தாலும், பட்டத்திற்கு மதிப்பளித்தது கோதாவைச் சூழ்ந்து நின்ற மக்களின் கண்களே.

இப்பட்டத்தால் உலகப் புகழ் எய்தியவர் காமா பயில்வான். அவர் 1910ஆம் ஆண்டு இலண்டனுக்குச் சென்றார். அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள் போலந்து நாட்டு மல்லர் ஸ்பிஸ்கோவுடன் பொருதார். ஸ்பிஸ்கோ பெரும்பாலும் தரையோடு தரையாகப் படுத்துத் தம்மைக் காத்துக்கொண்டமையால், இரண்டரை மணி நேரத்திற்கு மேலாகியும் வெற்றி தோல்வி தெரியவில்லை. மீண்டும் பொருவதற்குச் செப்டம்பர் 17ஆம் நாள் குறிக்கப்பட்டது. அன்று ஸ்பிஸ்கோ வரவில்லை. ஆதலின் ‘ஜான் புல்’ கச்சை காமாவுக்கே உரியதாயிற்று. தாயகம் திரும்பியபின் அலகாபாத்தில் ரஹீம் பக்ஷ் என்னும் மல்லரை வென்று ருஸ்தம்-எ-ஹிந்த் ஆனார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1928இல் பாட்டியாலாவில் அதே ஸ்பிஸ்கோவை ஒரு நிமிடத்திற்குள் வீழ்த்தினார். இலண்டனில் எதிரி வராமையாற் கிடைத்த கச்சைக்கு அன்றே முழுமையான சான்று கிடைத்தது எனலாம்.

மேனாட்டில் பட்டம் வேறு வழியிற் சென்றது. ரஷ்யப் பேரரசில் பிறந்த ஹாக்கன்ஷ்மித் 1905ஆம் ஆண்டு நியூயார்க்கில் டாம் ஜென்கின்ஸை வென்று உலக வீரர் எனப்பட்டார். 1908இல் சிகாகோவில் பிராங்க் காட்ச் என்னும் அமெரிக்கர் அவரை வென்றார். அப்போட்டி இரண்டு மணி நேரம் நீண்டது. பின்னாளில் நெடும்போட்டிகளைக் காணும் பொறுமை மக்களிடம் குறைந்தது. போட்டி நடத்துவோரின் கை ஓங்கியது. ஊருக்கு ஓர் அமைப்பும், அமைப்புக்கு ஓர் உலக வீரரும் தோன்றினர். இக்குழப்பத்தை நீக்கும் நோக்குடன் 1948இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் போட்டி நடத்துவோர் சிலர் கூடித் தேசிய மற்போர்க் கூட்டணியை நிறுவினர். அதன் வீரர் ஆர்வில் பிரௌனும் மற்றோர் அமைப்பின் வீரர் லூ தெஸ்ஸும் 1949 நவம்பரில் பொருவதாக இருந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் பிரௌன் சாலை விபத்திற் சிக்கினார். போட்டி நிகழாமலே பட்டம் தெஸ்ஸைச் சேர்ந்தது. களத்தில் வென்று பெறவேண்டியதை அமைப்பே வழங்கும் நிலை வந்துவிட்டது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனி, மலாயாவுக்கு வருவோம். ஜொகூர் நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரின் கேளிக்கைப் பூங்காக்களில் மற்போர் நிகழ்ந்து வந்தது. பஞ்சாபில் 1928இல் பிறந்த தாரா சிங் என்னும் இளைஞர், 1940களின் இறுதியிற் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் வந்தார். உருளைப் பீப்பாய் செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே, கிரேட் வோர்ல்ட் பூங்காவில் ஹர்னாம் சிங் என்பவரிடம் பயின்றார். கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று மலாயா வீரர் பட்டம் பெற்றார். கிங்காங் என்னும் பெயரால் அறியப்பட்ட எமில் சாயாவும் சிங்கப்பூரைத் தம் இருப்பிடமாகக் கொண்டவரே. ஹங்கேரிய வழியினரான அப்பேருடலர், சாலை விபத்திற் பட்ட காயத்தால் 1970ஆம் ஆண்டு மறைந்தார்.

தாயகம் திரும்பிய தாரா சிங், 1954இல் டைகர் ஜோகிந்தர் சிங்கை வென்று ருஸ்தம்-எ-ஹிந்த் ஆனார். 1959இல் கல்கத்தாவில் கனடா நாட்டு ஜார்ஜ் கார்டியென்கோவை வென்று காமன்வெல்த் வீரர் பட்டம் பெற்றார். 1968 மே 29ஆம் நாள் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்று உலக வீரர் எனப் போற்றப்பட்டார். 1983இல் களத்திலிருந்து ஓய்வு பெற்ற அவர், 2012இல் மறைந்தார்.

ஈண்டு ஒரு செய்தி கருதத்தக்கது. மேலே கூறிய கூட்டணியின் பட்டத்தை லூ தெஸ் 1966 சனவரியிலேயே ஜீன் கினிஸ்கியிடம் இழந்துவிட்டார். ஆகவே, 1968இல் தாரா சிங் வென்றது அப்பட்டத்தை அன்று. அப்போது அது கினிஸ்கியிடமே இருந்தது. பம்பாய்ப் பட்டம் அக்களத்திற்கென அமைந்த ஓர் உலகப் பட்டமாகும். அன்றியும், தொழில்முறை மற்போரில் முடிவு முன்னரே வகுக்கப்படுவது உண்டு என்பது இன்று மறைபொருள் அன்று. அமெரிக்காவின் பெரிய மற்போர் நிறுவனம் ஒன்று, தன் ஆட்டம் போட்டியன்று, கேளிக்கையே என்று 1989இல் நியூ ஜெர்சி அரசினர் முன் தானே ஒப்புக்கொண்டது.

அங்ஙனமாயின் தாரா சிங்கின் புகழ் பொய்யோ? அன்று. உடலை வளர்த்த உழைப்பு மெய். ஆலைத் தொழிலாளியாக வந்தவர் பல்லாயிரவர் போற்றும் நிலைக்கு உயர்ந்ததும் மெய். வலிமை காட்டி மிரட்டுபவனை, ‘நீ என்ன, பெரிய தாராசிங்கா?’ என்று தமிழர் கேட்பது இன்றும் வழக்கு. எந்த அமைப்பும் அளிக்காத, எவரிடமும் இழக்கவியலாத பட்டம் அது. ஆனால், மக்கள் அன்பால் அளித்த பெயர் வேறு; ‘உலகில் யாரையும் வென்றவர்’ என்னும் கூற்று வேறு. முன்னதற்கு அன்பே போதும்; பின்னதற்குச் சான்று வேண்டும்.

மாணவர் இத்தகைய வீரர்களைப் பற்றி ஆர்வத்தோடு கேட்பர். அவ்வார்வத்தை அடக்கவேண்டுவதில்லை. பட்டம் யார் அளித்தது, யாரை வென்று பெற்றது, அவ்வெற்றி களத்தில் முடிவானதா என்னும் மூன்று வினாக்களை அவர்கட்குப் பழக்கினால் போதும். மற்போரில் கற்ற இவ்வினாக்களை, பட்டங்கள் மலிந்த பிற துறைகளிலும் அவர்கள் தாமே கேட்கத் தொடங்குவர்.