தட்டச்சு: பார்க்காமல் அடிப்போம், பார்த்துத் திருத்துவோம்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகள் முடிந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி, "லீவில் பிள்ளையை எதில் சேர்க்கலாம்?" என்பதுதான். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இன்றும் இயங்கிவரும் தட்டச்சுப் பயிலகங்கள் இதற்கு ஒரு நல்ல பதில். "கம்ப்யூட்டர் வந்த பிறகு டைப்ரைட்டிங் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். ஆங்கிலத்தைப் பொறுத்தவரை கம்ப்யூட்டரிலும் அதே எழுத்து வரிசைதான். டைப்ரைட்டரில் பழகிய விரல் கம்ப்யூட்டரிலும் தடுமாறாது.

வேலைக்கு எப்படி உதவும்?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியுடன் அரசு தட்டச்சுச் சான்றிதழும் வேண்டும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை முடித்தவர்களுக்கே முதலிடம். ஒன்றில் முதுநிலையும் மற்றதில் இளநிலையும் முடித்தவர்கள் அதற்கு அடுத்து வருகிறார்கள். எனவே ஒரு மொழியோடு நிறுத்திவிடக் கூடாது.

இத்தேர்வுகளைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல் வேகமும், முதுநிலைக்கு 45 சொல் வேகமும் தேவை. ஐந்து முறை விசையைத் தட்டுவது ஒரு சொல் என்பது கணக்கு. அதாவது இளநிலையில் 10 நிமிடத்தில் 1,500 தட்டுகள். மத்திய அரசின் பன்னிரண்டாம் வகுப்புத் தகுதிப் பணிகளுக்கான தட்டச்சுத் தேர்விலும் ஆங்கிலத்துக்கு நிமிடத்துக்கு 35 சொல் கேட்கிறார்கள். விண்ணப்பிக்கும் முன் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.

விரல் பழக்கம்

விசைகளைப் பார்த்து இரண்டு விரலால் தட்டுபவர் ஓரளவு வேகம் பிடிக்கலாம். ஆனால் அவருடைய கண் விசைப்பலகைக்கும் தாளுக்கும் இடையே அலைந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் விட்ட இடத்தைத் தேட வேண்டும். ஒரு வரி விட்டுப்போவதும் அங்கேதான். 1888 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் நடந்த போட்டியில், விசைகளைப் பார்க்காமல் அடித்த ஃபிராங்க் மெக்கரின், எதிராளி லூயிஸ் டிராபை எளிதாக வென்றார். இந்த முறை பெயர் பெற்றது அந்தப் போட்டியால்தான்.

பயிலகத்தின் முதல் பாடம் எல்லோருக்கும் தெரிந்தது: இடது கைக்கு ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப், வலது கைக்கு செமிகோலன், எல், கே, ஜே, ஹெச், ஜே. இதையே பக்கம் பக்கமாக அடிக்கச் சொல்வார்கள். பிள்ளைகளுக்குச் சலிப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு விரலுக்கும் அதன் வீட்டைக் காட்டிக்கொடுப்பது இந்தப் பாடம்தான். மேல் வரிசைக்கோ கீழ் வரிசைக்கோ போன விரல் உடனே தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். கம்ப்யூட்டர் விசைப்பலகையில் எஃப், ஜே விசைகள் மீது சிறு மேடு இருக்கும். கண்ணால் பார்க்காமலே ஆள்காட்டி விரல்களை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

முதுகு நிமிர்ந்திருக்கட்டும். பாதங்கள் தரையில் படியட்டும். மணிக்கட்டை மேசையில் அழுத்த வேண்டாம். தினமும் அரை மணி நேரம் பழகுவது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு மணி நேரம் உட்காருவதைவிட மேல். பிழை கூடினால் வேகத்தைக் குறையுங்கள். அவசரத்தில் தப்பாகப் பழகிய விரலைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

தமிழில் இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்று பழைய தட்டச்சுப் பொறியின் அமைப்பு. மற்றொன்று 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99. இதில் உயிரெழுத்துகள் இடது கையிலும் பெரும்பாலான மெய்கள் வலது கையிலும் இருக்கின்றன. அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் "அம்மா" வந்துவிடும். புள்ளி தானே விழும். நம் பெயர்களில் அடிக்கடி வரும் ஹ, ஷ, ஸ, ஜ ஆகியவை ஷிஃப்டுடன் மேல் வரிசையில் உள்ளன. இரண்டு அமைப்பையும் ஒரே சமயத்தில் கற்க வேண்டாம். தேர்வுக்கு உரியதை முதலில் முடியுங்கள்.

பிழை பார்ப்பது

அடித்து முடித்ததும் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். பாதி வேலை அப்போதுதான் தொடங்குகிறது. நம் வீடுகளில் பெயர்ப் பிழையால் படும் பாடு தெரிந்ததே. முகமது, முகம்மது, முஹம்மது என்று தமிழிலேயே மூன்று விதம். ஆங்கிலத்தில் "ஓ"வா "யு"வா, "எம்" ஒன்றா இரண்டா என்று இன்னும் பல விதம். அப்துல் ரஹ்மான் ஓரிடத்தில் ஒரு சொல், மற்றோரிடத்தில் இரண்டு சொல். மதிப்பெண் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்றால், கல்வி உதவித்தொகையும் வெளிநாட்டு வேலையும் வாசலிலேயே நின்றுவிடும். பிறகு அலைச்சல், செலவு, அரசிதழ் அறிவிப்பு.

தட்டச்சு செய்பவருக்கு அது ஓர் எழுத்து. அந்தக் குடும்பத்துக்கு அது ஓர் ஆண்டு. ஆகவே பெயரை ஊகித்து அடிக்கக் கூடாது. ஆவணத்தில் உள்ளபடி எழுத்து எழுத்தாகப் பார்த்தே அடிக்க வேண்டும்.

சரிபார்க்கச் சில எளிய வழிகள்:

1. முதலில் பொருளுக்காக ஒருமுறை படியுங்கள். பிறகு எழுத்துக்காக ஒருமுறை படியுங்கள். இரண்டையும் ஒரே வாசிப்பில் செய்ய முடியாது.

2. ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் அடித்த தாளைப் பார்க்கட்டும். தான் அடித்ததைத் தானே படிக்கும்போது, இருப்பதைவிட இருக்க வேண்டியதையே கண் பார்க்கும்.

3. எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லிப் பாருங்கள். ஆதார் எண் 12 இலக்கம். வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு 11 இடம்; அதில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், "ஓ" என்ற எழுத்து அல்ல.

4. ர-ற, ல-ள-ழ, ந-ன-ண ஆகியவற்றைத் தனியே கவனியுங்கள். "அறை வாடகை" என்பது "அரை வாடகை" ஆனால் கம்ப்யூட்டர் பிழை காட்டாது. இரண்டும் சரியான சொற்களே.

5. முடிந்தால் சிறிது நேரம் கழித்து, அச்செடுத்த தாளில் பாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப்பட்டியல் தயாராகும். அப்போது பிள்ளையின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, அத்தா அம்மா பெயர் ஆகியவற்றைப் பிறப்புச் சான்றிதழுடனும் ஆதாருடனும் வைத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். தட்டச்சு பயிலும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த வேலையை அவரிடமே கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், கற்றது வீட்டுக்கும் பயன்படும், நாளை வேலைக்கும் பயன்படும்.