பல கருவிகள், ஒரு பாட்டை

சோழர் காலத்தில் நிலமளந்த கோலின் நீளத்தைக் கோயிற் சுவரிலேயே பொறித்து வைத்தனர். அத்தகைய அளவுகோற் குறிகள் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கோயில்களிலும் காணப்பெறுகின்றன. கோல் ஒருவர் கையில் மட்டும் இருந்தால் ஐயம் எழும். ஊரார் காணும் சுவரில் இருந்தால் எழாது. அளவைப் பெயர்களும் நிறைப் பெயர்களும் ஒன்பது எழுத்துகளையே முதலாகக் கொண்டு வரும் எனத் தொல்காப்பியர் தொகைமரபில் விதி வகுக்குமளவுக்கு அளவைகள் தமிழில் மலிந்திருந்தன. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டிப்பதற்கெனத் திருக்குர்ஆனில் ஒரு தனி அத்தியாயமே உண்டு. இஸ்லாமிய நகரங்களில் கடைவீதியின் எடைக்கற்களைச் சோதிக்க முஹ்தஸிப் என்னும் அலுவலர் அமர்த்தப்பெற்றிருந்தார்.

அளவு பொதுவாதல் ஒன்று. அளக்கும் கருவிகள் தம்முள் பேசிக்கொள்ளும் முறை பொதுவாதல் மற்றொன்று. முன்னது பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. பின்னது கடந்த அறுபது ஆண்டுகளின் கதை. அதனையே ஈண்டு எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அம்மன் காசு என்னும் தனி நாணயம் வழங்கியதை யாவரும் அறிவோம். எல்லைக்குள் அது முறையான காசு. எல்லை கடந்தாலோ பிரிட்டிஷ் இந்தியாவின் அணாவும் ரூபாயுமே சட்டப்படி செல்லும். 1948-இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தபின் அந்நிலை மாறியது. 1960-களின் ஆய்வுக்கூடக் கருவிகளும் ஏறத்தாழ அம்மன் காசு போன்றனவே. ஒரு நிறுவனத்தின் மின்னழுத்தமானி தன் அளவீட்டை ஒரு முறையில் வெளியிடும். மற்றொரு நிறுவனத்தின் அதிர்வெண்மானி வேறொரு முறையில் வெளியிடும். இரண்டையும் ஒரு கணிப்பொறியுடன் இணைக்க வேண்டுமாயின் இடையில் ஒரு மின்சுற்றைப் புதிதாகக் கட்ட வேண்டும். கருவியை மாற்றினால் அச்சுற்றையும் மாற்ற வேண்டும்.

இத்தொல்லைக்குத் தீர்வாக வந்ததே 'பஸ்' என்னும் ஏற்பாடு. எல்லோருக்கும் உரியது எனப் பொருள்படும் 'ஆம்னிபஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் குறுக்கமே இது. ஊர்தியைப் பேருந்து என்கின்றோம். மின்னியலில் இதனைப் பாட்டை என்பது பொருந்தும். பலர் பயன்படுத்தும் பொதுவழி என்பது கருத்து. பாட்டை என்பது வெறும் கம்பிக்கற்றை அன்று. எந்தக் கம்பியில் என்ன செல்லும், யார் எப்போது பேசலாம், செருகியின் வடிவம் யாது என்பனவற்றையெல்லாம் வரையறுக்கும் உடன்படிக்கையும் சேர்ந்ததே பாட்டை.

முதலில் பரவலானது, ஹியூலெட்-பாக்கார்டு நிறுவனம் 1960-களின் இறுதியில் தன் கருவிகளுக்கென வகுத்த பாட்டை. 1975-இல் அது ஐ.இ.இ.இ. 488 என்னும் பொதுத் தரமாயிற்று, ஜி.பி.ஐ.பி. என்னும் பெயராலேயே பெரிதும் அறியப்பெறுகிறது. பழைய கருவிகளின் பின்புறத்தில் 24 முனைகள் கொண்ட அகன்ற செருகியைக் கண்ட மாணவர்கள் இதனை எளிதில் நினைவுகூர்வர். அதில் 16 கம்பிகள் செய்திக்கு உரியன: எட்டுத் தரவுக்கு, ஐந்து மேலாண்மைக்கு, மூன்று கைகுலுக்கலுக்கு. ஒரே பாட்டையில் 15 கருவிகள் வரை இணையலாம். மொத்தக் கம்பி நீளம் 20 மீட்டரைத் தாண்டலாகாது.

இதன் அமைப்பு நம் பட்டிமன்றத்தை ஒத்தது. பேசுவோர் ஒரு நேரத்தில் ஒருவரே, கேட்போர் பலர், யார் பேசலாம் என ஆணையிட நடுவராக நெறியாளர் ஒருவர். கைகுலுக்கல் கம்பிகள் மூன்றின் செயலோ வகுப்பறையில் குறிப்பு எழுதவைப்பது போன்றது. 'எழுத ஆயத்தமா?' என்று ஆசிரியர் பார்க்கிறார். கடைசி மாணவரும் பேனாவை எடுத்த பின்னரே ஒரு சொல் சொல்கிறார். கடைசி மாணவரும் எழுதி முடித்த பின்னரே அடுத்த சொல்லுக்குச் செல்கிறார். ஆயத்தமில்லை என்னும் கம்பியை ஒரே ஒரு கருவி பிடித்திருந்தாலும் பேசும் கருவி காத்திருக்கும். ஆதலின் வேகமான கருவியும் மெதுவான கருவியும் ஒரே பாட்டையில் ஒரு செய்தியும் தவறாமல் இயங்க முடிகிறது. வேகம் குறைவே, நொடிக்குச் சுமார் பத்து இலட்சம் பைட் அதன் பழைய உச்சம். எனினும் இதனினும் நேர்மையான ஓர் ஏற்பாட்டை மின்னியலில் நாம் அரிதாகவே கண்டுள்ளோம்.

ஜி.பி.ஐ.பி. தனித்தனிப் பெட்டிகளை இணைத்தது. பெட்டிகளையே நீக்கிவிட்டால் என்ன என்னும் வினா அணுவியல் ஆய்வுக்கூடங்களில் எழுந்தது. ஒவ்வொரு கருவிக்கும் தனி மின்வழங்கி, தனி முகப்பு, தனி உறை எதற்கு? ஒரு சட்டகம், ஒரு மின்வழங்கி, அதில் அலமாரியில் நூல்களைச் செருகுவது போல் மாட்யூல் எனப்படும் கருவிக் கூறுகள். அமெரிக்காவில் 1964-இல் வெளியான 'நிம்' தரம் இவ்வழியில் முதற்படி. ஆனால் அதில் கணிப்பொறிக்கான பாட்டை இல்லை. ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களின் கூட்டமைப்பாகிய எசோன் 1969-இல் வெளியிட்ட 'கேமாக்' அக்குறையை நீக்கிற்று.

கேமாக் என்னும் பெயரின் ஆங்கில எழுத்துகள் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. தமிழ் மாணவர் இதனை மாலைமாற்று என்பர். தரவு இருபுறமும் செல்லும் என்பதைப் பெயரே காட்டுகிறது. ஆய்வுக்கூடங்களில் 'கிரேட்' என்றே வழங்கும் இதன் சட்டகத்தில் 25 செருகிடங்கள் உண்டு. வலக்கோடியில் உள்ள இரண்டும் கட்டுப்பாட்டுக் கூறுக்கு உரியன. பின்புறத்தில் ஒவ்வோர் இடத்திற்கும் 86 தொடுமுனைகள். படிக்க 24 கம்பிகள், எழுத 24 கம்பிகள். ஒரு சுற்றுக்கு ஒரு மைக்ரோ நொடி. ஏதேனும் ஒரு கூறுக்குச் செய்தி கிடைத்தவுடன் 'என்னைப் பார்' என்னும் கம்பியை அது உயர்த்தும். வகுப்பில் கை தூக்கும் மாணவர் போல.

கேமாக்கின் முகாமையான பண்பு மின்சுற்றில் இல்லை, உரிமத்தில் உள்ளது. எந்த நிறுவனமும் அனுமதியோ கட்டணமோ இன்றி இதனைப் பின்பற்றலாம் என எசோன் அறிவித்தது. 1974-இல் பொக்ரான் சோதனைக்குப் பின் அணுவியல் சார்ந்த கருவிகள் அயல்நாடுகளிலிருந்து நமக்குக் கிடைப்பது அரிதாயிற்று. கருவி கிடைக்கவில்லை, ஆனால் தரத்தின் ஏடு கிடைத்தது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் அதனை வைத்துக் கேமாக் கூறுகளை இங்கேயே உருவாக்கினர். 1984-இல் பல்கலைக்கழகங்களின் பொதுப் பயனுக்கெனப் புதுதில்லியில் நிறுவப்பெற்ற அணு அறிவியல் மையம் தன் கட்டுப்பாட்டுக் கூறுகளையும் அவற்றுக்கான மென்பொருளையும் தானே ஆக்கிக்கொண்டது. இன்று பல்கலைக்கழகங்களுக்கிடை முடுக்கி மையம் எனப் பெயர் பெற்ற அவ்விடத்திற்கு நாட்டின் எப்பகுதியிலிருந்தும் ஆய்வு மாணவர் செல்லலாம். அவரவர் சோதனைக்கேற்பக் கூறுகளைக் கழற்றவும் செருகவும் இயல்வதாலேயே ஒரே முடுக்கி பலருக்கும் பயன்பட்டது.

நுண்செயலிகள் வந்தபின் 1981-இல் மோட்டோரோலா, மாஸ்டெக், சிக்னெடிக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து வி.எம்.இ. பாட்டையை அறிவித்தன. இதன் சிறந்த எடுத்துக்காட்டு நம் மாநிலத்துக் கல்பாக்கத்திலேயே உள்ளது. 500 மெகாவாட் மின்திறனுக்கென வடிவமைக்கப்பெற்ற முன்மாதிரி அதிவேக ஈனுலையில் 2024 மார்ச் 4 அன்று உலையகத்தை நிரப்பும் பணி தொடங்கிற்று. அவ்வுலையின் கட்டுப்பாட்டிற்கென இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் வடிவமைத்த கணிப்பொறிகள் வி.எம்.இ. சட்டகத்தில் அமைந்தவை. எரிபொருள் தொகுதிகளைக் கடந்து வரும் உருகிய சோடியத்தின் வெப்பநிலையை வெப்ப இரட்டைகள் அளக்கின்றன. மூன்று தனித்தனிக் கணிப்பொறிகள் அவ்வளவீடுகளை ஆராய்கின்றன. மூன்றில் இரண்டு அபாயம் என்று கூறினால் உலை நிறுத்தப்பெறும். ஒருவர் சாட்சியத்தால் தீர்ப்புச் சொல்லாத மரபு நமக்குப் புதியதன்று.

அச்சட்டகத்திற்கு அவர்கள் தேர்ந்த செயலி 1984-இல் வெளிவந்த மோட்டோரோலா 68020 குடும்பத்தைச் சார்ந்தது. 'இத்துணைப் பழையதா?' என மாணவர் வியக்கலாம். உலையின் ஆயுள் 40 ஆண்டுகள் எனக் கணித்தே அமைப்பர். எந்தச் செயலியும் அத்துணை ஆண்டுகள் சந்தையில் நில்லாது. சட்டகமும் பாட்டையும் நிலைத்தால் அட்டை ஒன்றைக் கழற்றி வேறொன்றைச் செருகி உலையை இயக்கலாம். கைபேசியை இரண்டாண்டுக்கொரு முறை மாற்றும் தலைமுறைக்கு இக்கணக்கு வியப்பாகவே தோன்றும்.

வி.எம்.இ. கணிப்பொறிக்கென எழுந்தது, நுண்ணிய அளவீட்டிற்கு வேண்டிய சில அதில் இல்லை. 1987-இல் ஐந்து அமெரிக்கக் கருவி நிறுவனங்கள் கூடி அதனை விரித்து வி.எக்ஸ்.ஐ. என்னும் தரத்தை வகுத்தன. 13 செருகிடங்கள் வரை கொண்ட சட்டகத்தில் சுழியாம் இடத்துக் கூறு, 10 மெகாஹெர்ட்சுக் கடிகாரத் துடிப்பை ஏனையவற்றிற்கெல்லாம் வழங்கும். தொடக்கக் குறி அனுப்பவெனத் தனிக் கம்பிகளும் உண்டு. பத்துக் கூறுகள் ஒரே கணத்தில் அளக்க வேண்டுமாயின் பத்திற்கும் ஒரே கடிகாரம் வேண்டுமன்றோ? 1997-இல் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிட்ட பி.எக்ஸ்.ஐ. இதே கருத்தைத் தனியாள் கணிப்பொறியின் பி.சி.ஐ. பாட்டைமீது ஏற்றி, அளவிலும் விலையிலும் குறைத்தது. 2005-இல் வந்த எல்.எக்ஸ்.ஐ. சட்டகத்தையே விடுத்து, சாதாரண ஈதர்நெட் கம்பியைப் பாட்டையாக்கிற்று.

பாட்டை அமைந்தால் போதுமா? மொழியும் வேண்டும். 1987-இன் ஐ.இ.இ.இ. 488.2 தரம், 'நீ யார்?' என்னும் வினாவிற்கு ஒவ்வொரு கருவியும் விடையளித்தே தீர வேண்டும் என விதித்தது. ஆக்கியவர் பெயர், மாதிரி, வரிசை எண், மென்பொருட் பதிப்பு என நான்கு பகுதிகளாக விடை வரும். 1990-இல் வந்த ஸ்கிப்பி என்னும் கட்டளைமொழி, மின்னழுத்தத்தை அளக்கச் சொல்லும் முறையை எல்லா நிறுவனத்தாருக்கும் பொதுவாக்கியது.

சிற்றூர்க் கல்லூரிகளுக்கு இதனால் ஆவதென்ன என மூத்தோர் வினவலாம். நாம் அறிந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய ஒரு கருவி தன் நிறுவனத்தின் தனி அட்டை வழியாகவே கணிப்பொறியுடன் பேசும். அவ்வட்டைக்கேற்ற செருகிடம் புதிய கணிப்பொறிகளில் மறைந்ததும் கருவி ஊமையாயிற்று. அளக்கிறது; சொல்ல முடியவில்லை. மாணவர் அதன் முகப்பைப் பார்த்து எண்களைக் கையால் குறிப்பேட்டில் எழுதினர். பழுதுபட்டிருந்தால் பழுது பார்க்கலாம். பழுதில்லாத கருவியை என் செய்வது? வாங்கும் நாளில் விலையையும் துல்லியத்தையும் கேட்டோர், எந்தப் பாட்டையில் பேசும் எனக் கேட்கவில்லை.

சட்டகங்கள் நம் கல்லூரிகளின் வரவுசெலவுக்கு எட்டாதவை என்பது உண்மையே. ஆயினும் மேற்சொன்ன முடுக்கி மையத்தார் 'ஃபீனிக்ஸ்' என்னும் திட்டத்தின்வழி 'எக்ஸ்பைஸ்' என்னும் சிறு கருவியைக் கல்லூரிகளுக்கென ஆக்கித் தந்துள்ளனர். உள்ளங்கை அளவினது, யு.எஸ்.பி. கம்பியில் இயங்குவது, சில ஆயிரம் ரூபாய் விலையுடையது. மின்சுற்றின் வரைபடமும் மென்பொருளும் யாவருக்கும் திறந்தே உள்ளன. அலைவுகாட்டியாகவும் மின்னழுத்தமானியாகவும் அது பயன்படும். பைத்தான் மொழியில் நான்கு வரி எழுதத் தெரிந்த முதலாண்டு மாணவர், ஊசலின் அலைவு நேரத்தை அதைக்கொண்டு ஒரு பிற்பகலில் அளந்துவிடலாம்.