திருக்கை மீன்: முதல் அரை மணி நேரம் முக்கியம்



கடலோர ஊர்களில் குழுக் கூட்டம் முடிந்து பேசிக்கொண்டிருக்கும்போது, திருக்கை மீனைப் பற்றி இரண்டு விதமான பேச்சு வரும். ஒன்று, "திருக்கை முள்ளு குத்திடுச்சு, ராத்திரி பூரா வலியில துடிச்சாரு" என்பது. இன்னொன்று, "நல்ல திருக்கைன்னு ஏலம் எடுத்தேன், சந்தைக்குப் போறதுக்குள்ள நாத்தம் வந்துடுச்சு, பாதி விலைக்குத்தான் போச்சு" என்பது. முதலாவது உடம்புக்கு வரும் நஷ்டம். இரண்டாவது கைக்காசுக்கு வரும் நஷ்டம். இரண்டிலுமே முதல் அரை மணி நேரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் முக்கியம். அதைப் பற்றி இந்த இதழில் பார்ப்போம்.

திருக்கை எப்படிப்பட்ட மீன்?

திருக்கை, சுறாவுக்குச் சொந்தக்கார மீன். உடம்பில் கெட்டியான எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். கண் மேலே இருக்கும், வாய் அடியில் இருக்கும். முள் உள்ள திருக்கைகள் முட்டை இடுவதில்லை, குட்டி போடும். அதுவும் ஒரு தடவைக்குச் சில குட்டிகள்தான். மத்தி, நெத்திலி போல ஆயிரக்கணக்கில் பெருகாது.

திருக்கை தானாக வந்து யாரையும் தாக்காது. மணலில் புதைந்து கிடக்கும். மிதித்தால் அல்லது பிடித்து இழுத்தால்தான் வாலைச் சுழற்றும்.

முள் எங்கே இருக்கிறது?

"வால் பூரா விஷம்" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. திருக்கைவால் சவுக்கு என்று கேள்விப்பட்டிருப்போம். அந்த வாலில் விஷம் கிடையாது. வாலின் மேல்பக்கம் இருக்கும் முள்ளில்தான் விஷம். சிலவற்றுக்கு ஒரு முள், சிலவற்றுக்கு இரண்டு மூன்று. முள் வால் நுனியில் இருக்கும் என்று நினைத்து அடிவாலைப் பிடிப்பதும் ஆபத்து. குருவித் திருக்கைக்கு வால் தொடங்கும் இடத்திலேயே முள் இருக்கும்.

முள்ளின் இரண்டு பக்கமும் ரம்பம் போலப் பல் இருக்கும். உள்ளே போகும்போது சுலபமாகப் போகும், வெளியே வரும்போது சதையைக் கிழிக்கும். மீன் செத்தாலும் முள் ஆபத்துதான். கூடையில் கிடக்கும் மீனும் குத்தும்.

சிறு படகில் பிடிக்கும்போது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கட்டுமரம், வள்ளம், தெப்பம் கொண்டுவரும் மீனைத்தான் நம் பெண்கள் பெரிதும் நம்பி இருக்கிறார்கள். இந்தச் சிறு கலங்களில் ஆள் உட்காருவது தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில். மீன் உள்ளே வந்தால் நேராகக் கால்மாட்டில்தான் விழும். வெளிநாடுகளில் கயாக் என்ற ஒற்றை ஆள் துடுப்புப் படகில் தூண்டில் போடுகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். மீன் மடிமேலேயே வந்து விழுந்துவிடும்.

கடலுக்குப் போகிறவர் வீட்டுக்காரரோ, மகனோ, நாமோ, யாராக இருந்தாலும் இவற்றைக் கவனிக்க வேண்டும்:

1. தூண்டிலில் மாட்டிய திருக்கை, தரையோடு ஒட்டிக்கொள்ளும். வெடுக்கென்று இழுக்காமல் நிதானமாக இழுக்க வேண்டும். தூண்டில் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. பெரிய மீன் ஓடினால் விரலை அறுத்துவிடும், ஆளையே கவிழ்த்துவிடும்.
2. உயிரோடு உள்ளே ஏற்றக் கூடாது. படகுக்கு வெளியே வைத்தே தலையில் தடியால் அடித்து அடக்கி, வாலைத் துடுப்பால் அழுத்திப் பிடித்து, முள்ளை அல்லது வாலையே வெட்டிவிட வேண்டும்.
3. வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வாய்க்குள் விரல் விடக் கூடாது. சிப்பி, நண்டு உடைத்துத் தின்னும் தாடை அது.
4. அடக்க முடியாத பெரிய மீன் என்றால் தூண்டில் கயிற்றை அறுத்து விட்டுவிடுவதே நல்லது. தூண்டில் போனால் வாங்கிக்கொள்ளலாம்.
5. வெட்டிய முள்ளைக் கரையில் வீசக் கூடாது. செருப்பில்லாத பிள்ளைகள் நடக்கும் இடம். ஒரு டப்பாவில் போட்டு வைத்து, ஆழமாகப் புதைக்க வேண்டும்.

தண்ணீரில் நடக்கும் பெண்களுக்கு

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கும் சகோதரிகளும், கழிமுகத்தில் இறால் தடவுகிறவர்களும் இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். அவர்கள் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல், மணலோடு தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். அந்த அதிர்விலேயே திருக்கை விலகிப் போய்விடும். முன்னால் ஒரு குச்சியால் தட்டிக்கொண்டே போவது இன்னும் நல்லது. ரப்பர் செருப்பு அடிப்பாதத்துக்கு உதவும், ஆனால் முள் கணுக்காலில் குத்துவதைத் தடுக்காது.

முள் குத்திவிட்டால்

இந்த விஷம் சூட்டில் வீரியம் குறையும். அதனால் வெந்நீர்தான் முதல் மருந்து.

• ரத்தம் அதிகம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். காயத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கடலில் இருந்தால் கடல் தண்ணீரே போதும்.
• கையோ காலோ என்றால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் முக்கி வையுங்கள். சூடு 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. குத்துப்படாத கையை முதலில் விட்டுப் பாருங்கள். வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.
• 30 நிமிடம் முதல் 90 நிமிடம் வரை வைத்திருங்கள். ஆற ஆற வெந்நீர் சேருங்கள். சேர்க்கும்போது கையை, காலை வெளியே எடுத்துவிடுங்கள்.
• வலி குறைந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். முள் துண்டு உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பார்கள், தேவைப்பட்டால் டி.டி. ஊசி போடுவார்கள். கடல் தண்ணீர்க் காயம் சீக்கிரம் சீழ் பிடிக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

இறுக்கிக் கட்டுவது, கீறி விடுவது, வாயால் உறிஞ்சுவது, மண்ணெண்ணெய், சுண்ணாம்பு வைப்பது எதுவும் வேண்டாம்.

மார்பு, வயிறு, கழுத்தில் குத்தினால் முள்ளைப் பிடுங்கவே கூடாது. அப்படியே அசையாமல் 108-க்குப் போன் செய்து கொண்டுபோக வேண்டும். ஆஸ்திரேலியாவில் காட்டு உயிர்களைப் பற்றி டி.வி. நிகழ்ச்சி நடத்திய ஸ்டீவ் இர்வின், 2006 செப்டம்பர் 4 அன்று மார்பில் திருக்கை முள் குத்தித்தான் இறந்தார். நடுக்கடலில் உதவி தேவை என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554.

மீன் நாறாமல் இருக்க

திருக்கையின் ரத்தத்திலும் சதையிலும் யூரியா இயற்கையாகவே உண்டு. மீன் செத்த பிறகு கிருமிகள் அதை அம்மோனியாவாக மாற்றுகின்றன. மூக்கைத் துளைக்கும் அந்த வாடை இதனால்தான். மற்ற மீனைவிடத் திருக்கைக்கு அவசரம் அதிகம்.

பிடித்தவுடன் செவுளையோ வாலையோ வெட்டி ரத்தம் வடிய விட வேண்டும். குடலை எடுத்து, கழுவி, ஐஸில் வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது நல்ல கணக்கு. "ஐஸ் காசு தண்டம்"னு நினைக்காதீங்க. பாதி விலைக்குப் போகிற மீனைக் கணக்குப் போட்டால் ஐஸ் மலிவுதான்.

ஏலத்தில் எடுக்கும்போது வயிற்றுப் பக்கம் மோந்து பாருங்கள். லேசான வாடை என்றால் புளித் தண்ணீரிலோ எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரிலோ ஊறவைத்தால் குறையும். காட்டமாக அடித்தால் வாங்க வேண்டாம். கெட்ட மீனை உப்புப் போட்டாலும் நல்ல கருவாடு ஆகாது.

திருக்கைப் புட்டு

அரைக் கிலோ திருக்கைத் துண்டுகளை மஞ்சள்தூள், உப்பு சேர்த்துப் பத்து நிமிடம் வேக வையுங்கள். ஆறியதும் தோலையும் குருத்தெலும்பையும் நீக்கி, சதையைப் பிழிந்து உதிர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, நறுக்கிய சின்ன வெங்காயம் 200 கிராம், தட்டிய பூண்டு பத்துப் பல், பச்சை மிளகாய் நான்கு போட்டு வதக்குங்கள். உதிர்த்த மீனைச் சேர்த்து, ஈரம் வற்றும்வரை சிறு தீயில் கிளறி, மிளகு சீரகப் பொடி தூவி இறக்குங்கள்.

பிள்ளை பெற்றவளுக்கு இதைக் கொடுப்பது நம் வழக்கம். நல்ல புரதச் சத்துள்ள உணவுதான். ஆனால் பெரிய சுறா, பெரிய திருக்கையில் பாதரசம் சேர்ந்திருக்கும். அதனால் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சின்னத் திருக்கையாக, எப்போதாவது சாப்பிடலாம். மற்ற நாளில் மத்தி, நெத்திலி போதும்.

பிடிக்கவே கூடாதவை

வேளா மீன், உழுவையில் ஒரு வகை, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் திருக்கை ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. 2022 சட்டத் திருத்தத்தில் பட்டியல் இன்னும் நீண்டுவிட்டது. பிடிப்பதும் விற்பதும் குற்றம். சந்தேகம் இருந்தால் மீன்வளத் துறை அலுவலகத்தில் படத்தோடு பட்டியல் கேளுங்கள். பிடிபட்ட பதற்றத்தில் தாய்த் திருக்கை குட்டி போட்டுவிடுவதும் உண்டு. உயிரோடு இருக்கும் குட்டியைக் கடலில் விட்டுவிடுங்கள்.

குழுவில் செய்ய வேண்டியவை

அடுத்த கூட்டத்தில் மூன்று விஷயம் பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள். ஒன்று, கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகிலும் ஒரு பிளாஸ்க் வெந்நீர். இரண்டு, ஏலம் நடக்கும் இடத்தில் ஒரு அடுப்பு, ஒரு வாளி, முதலுதவிப் பெட்டி. மூன்று, மீன் விற்கும் உறுப்பினர்கள் சேர்ந்து ஐஸ் பெட்டி வாங்கக் குழுக் கடன். ஊக்குநரும் பிரதிநிதியும் இதைக் கூட்டமைப்புக் கூட்டத்தில் சொன்னால், மற்ற ஊர்க் குழுக்களுக்கும் நாங்கள் எடுத்துச் செல்வோம்.